கடை முகப்பில் நாலு கொளுக்கி

ஊர் சுற்றிக் காட்டுகிறவனுக்குக் கட்டடம் பாதி, வாய்க்கதை மீதி. மன்னார் பட்டினத்துப் பழைய கட்டடங்களில் உள்ள எழுத்துகளைக் காட்டி, ஆட்களை நடத்திக் கூட்டிப்போவது என் வேலை. அதில் ஒரு கதையைப் பல வருடங்களாகச் சந்தேகப்பட்டுக்கொண்டே சொல்லி வந்திருக்கிறேன். விருந்தாளிக்கு ஊர் காட்டப் போய், அரைகுறையாகத் தெரிந்ததை முழுதாகச் சொல்லி மாட்டிக்கொண்டவர்களுக்கு என் நிலை விளங்கும்.

கழுத்து வலி

வருகிறவர்கள் கோட்டையையும் அடி பருத்த பழைய பெருக்க மரத்தையும் கேட்டுத்தான் வருவார்கள். நான் அண்ணாந்து பார்க்கச் சொல்வேன். சீமெந்தில் புடைத்து நிற்கும் எழுத்து, பலகையில் செதுக்கிய எழுத்து, மேலே வேறு கடைப் பெயர் வந்த பிறகும் வர்ணத்துக்கு அடியில் தெரிகிற பழைய எழுத்து. கொழும்பிலிருந்து வந்த வங்கி அதிகாரி ஒருவர் அப்படி அண்ணாந்தபடியே நடந்து, தெருவில் நின்ற கழுதையில் போய் முட்டினார். கழுதை அசையவில்லை. அவர் காற்சட்டையைத் தட்டிக்கொண்டு சொன்னார்:

"இதிலயும் ஒரு போர்டை எழுதித் தொங்கவிடுங்கோ அண்ணை, தூரத்திலயே தெரியும்."

பூச்சுக்குள் பெயர்

கடைத்தெருவில் காசிம் நானாவின் புடைவைக்கடை முகப்பில் எழுத்தே இல்லை. அங்கேதான் அதிக நேரம் நிற்பேன். சண்டைக் காலத்தில் முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேறச் சொன்னபோது, நானா குடும்பம் உடுத்த உடுப்போடு ஊரை விட்டுப் போக வேண்டி வந்தது. பக்கத்தில் வலைக்கடை வைத்திருந்தவர் செபமாலை அண்ணை. ஆருடைய கடையென்று தெரிந்தால் உடைத்துப் போடுவார்கள் என்று, நானாவின் பெயரைச் சீமெந்தால் பூசி மறைத்தாராம். இதை எனக்குச் சொன்னவர் அவரேதான். அந்த வருடங்களில் நான் ஊரில் இல்லை. படகேறி இந்தியாவுக்குப் போயிருந்தேன்.

இலுப்பைக்கடவையிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கதையைக் கேட்டுவிட்டு, வெறும் சுவரைப் பார்த்துச் சொன்னார்:

"இப்பிடி ஒரு மனிசன் பக்கத்தில இருந்திருந்தால், எங்கட வீட்டுக் கூரையும் மிஞ்சியிருக்கும்."

பெருவிரல்

ஒரு மாரி மழைக்குப் பூச்சில் கொஞ்சம் உதிர்ந்தது. என்ன எழுத்து தெரிகிறதென்று ஏணி வைத்து ஏறினேன். எழுத்துக்கு முன்னால் கண்ணில் பட்டவை கொளுக்கிகள். வரிசையாக நாலு, துருப்பிடித்தவை. கடைப் பலகை தொங்கவிட நாங்கள் எல்லோரும் அடிக்கிற அதே கொளுக்கி. சுவர் காய்ந்த பிறகு துளைத்து வைத்திருந்தால் ஓரம் உடைந்திருக்கும். இங்கே ஓரம் உடையவில்லை. ஒவ்வொன்றின் அடியிலும் ஈரச் சீமெந்தைப் பெருவிரலால் அழுத்திய தடம் இருந்தது.

பெயரை மறைத்த அன்றைக்கே இன்னொரு பெயருக்கு இடம் பார்த்தாரா? அல்லது சும்மா ஒரு பலகையைத் தொங்கவிட்டு, உடைக்க வருகிறவர்களின் கண்ணை மறைக்கப் பார்த்தாரா? வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள், தலை நிமிர்த்தவில்லை.

"கதை நல்லாத்தானே ஓடுது. நீங்கள் என்னத்துக்கு ஏணி வச்சுப் பாக்கிறியள்?"

ஞாயிற்றுக்கிழமை

ஒரு நாள் என்னோடு ஊர் பார்க்க வந்தவர்களில் ஒரு பெண் அந்தச் சுவருக்கு முன்னால் அழுதாள். காசிம் நானாவின் மகள் ரஹீமா. குடும்பம் அகதியாகப் போன புத்தளத்தில் வளர்ந்தவள். கடையைத் திரும்பத் திறக்கப் போகிறாளாம். அடுத்த ஞாயிறு பூச்சைக் கொத்தி வாப்பாவின் பெயரை வெளியில் எடுக்கிறாளாம். சொந்தக்காரர் எல்லோரும் வருவார்கள். நான் அங்கே நின்று கதையைச் சொல்ல வேண்டும்.

"வாப்பா மவுத்தாகிற வரைக்கும் செபமாலை அங்கிளைத் திட்டினவர், கடையை எடுத்திட்டாரெண்டு. எங்கட ஆக்கள் முன்னால நான் அவரிட்ட மன்னிப்புக் கேக்கோணும். நீங்கள் சொன்னாத்தான் நம்புவினம்."

கேள்வி

சனிக்கிழமை பின்னேரம் வலைக்கடைக்குப் போனேன். செபமாலை அண்ணை வாசலில் கதிரை போட்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "வாங்கோ தம்பி, நாளைக்குப் பூசை முடிய நேர வாறன். வெள்ளைச் சேட்டுப் போடட்டே?" என்றார்.

ஊரையெல்லாம் அண்ணாந்து பார்க்க வைத்தே பிழைத்தவன், அன்றைக்குத்தான் ஒரு மனிதரின் முகத்தை நேரே பார்த்துக் கேட்டேன்:

"அண்ணை, பேரை மறைச்சது நானாவுக்காக எண்டால், பூச்சுக் காய முந்தி அந்த நாலு கொளுக்கியையும் ஆருடைய பேரைத் தொங்கவிட வச்சனீங்கள்?"