பாஷா குடித்த காப்பி

ஹாயில் பாஷாவுக்கு நான் இருபத்தாறு வருஷம் வண்டி ஓட்டினேன். அவர் மேஜராக இருந்தபோது ஜீப், ஜெனரலானதும் கறுப்புக் கார், நீர்வளத் துறை அமைச்சரானதும் அதே காரில் ஒரு கொடி. அமைச்சரானால் மேதகு என்கிற மாதிரி 'மாலீக்' என்று கூப்பிட வேண்டும் என்று அலுவலகத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். எனக்கு வாயில் வரவில்லை. படையில் பெரிய அதிகாரிகளைக் கூப்பிட்டுப் பழகிய பாஷாதான் வந்தது.

அமைச்சகத்தில் முதல் மாதம் ஒரே கூத்து. காலை ஆறு மணிக்கே போய் நிற்பார். வாசல் பூட்டியிருக்கும், காவலாளி தூங்கிக்கொண்டிருப்பான். தண்ணீர் வரவில்லை என்று மனு கொடுக்க வந்த கிராமத்து ஆட்களை ஒருநாள் உயர வாரியாக வரிசையில் நிறுத்திவிட்டார். ராணுவத்தில் அவருக்குத் தெரிந்தது சரி, முடியாது என்ற இரண்டு பதில்கள்தான். மூன்றே மாதத்தில் மூன்றாவதையும் கற்றுக்கொண்டார்: பார்க்கலாம். அதற்குப் பிறகு எல்லோருக்கும் அவரைப் பிடித்துப்போயிற்று. கல்யாணம் பேசவும் பகை தீர்க்கவும் அவரைத்தான் தேடி வருவார்கள். அவர் தலைமையில் ஒரு ஜாஹா, அதாவது பெண்ணோ மன்னிப்போ கேட்கப் போகும் பெரியவர்கள் கூட்டம், போனால் அதை வெறுங்கையோடு அனுப்ப யாருக்கும் மனம் வராது.

அப்படி இருக்கும்போதுதான் என் மகன் தாமிர் ஓட்டிய வேன், மாதபா சாலையில் ஒரு பெரியவர் மீது ஏறிவிட்டது. அவர் அங்கேயே போய்ச் சேர்ந்தார். தாமிரை உள்ளே வைத்தார்கள். இறந்தவர் வீட்டார் மன்னித்தால் சீக்கிரம் வெளியே வருவான், இல்லையென்றால் வருஷக்கணக்கு. என் மனைவி சாப்பாட்டையே தொடவில்லை. இறந்தவருடைய தம்பிதான் அந்தக் குடும்பத்துக்கு இப்போது தலைவர், பெயர் முத்லக் என்று போலீஸ்காரர் சொன்னதும் எனக்குக் கை கால் ஓடவில்லை.

முத்லக்கை எனக்குத் தெரியும். பத்தொன்பது வருஷத்துக்கு முன் எங்கள் படைப்பிரிவில் சார்ஜென்ட். பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது பெருமழை, ஓடையில் வெள்ளம். தண்ணீர் ஏறுகிறது, லாரி போகாது என்று வயர்லெஸ்ஸில் இரண்டு முறை சொன்னான். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹாயில், 'கடந்து போ' என்றார். லாரி உருண்டு இரண்டு சிப்பாய்கள் செத்துப்போனார்கள். விசாரணையில் அப்படி ஓர் உத்தரவே போடவில்லை என்று அவர் சொன்னார். என்னைக் கேட்டார்கள். இன்ஜின் சத்தத்தில் எதுவும் காதில் விழவில்லை என்றேன். முத்லக்கைப் படையிலிருந்து நீக்கினார்கள். அடுத்த வருஷம் ஹாயிலுக்குப் பதவி உயர்வு. தண்ணீரில் ஆளை இழந்தவரைத் தண்ணீருக்கே அமைச்சராக்கினார்களே என்று பின்னாளில் எனக்குள் சிரித்துக்கொண்டேன். அந்தச் சிரிப்பில் என் பங்கை நான் சேர்க்கவில்லை.

ஜாஹாவுக்கு வருகிறீர்களா என்று கேட்டதும் பாஷா உடனே ஒப்புக்கொண்டார். பெயரைச் சொன்னபோதும் அவருக்கு நினைவு வரவில்லை. எத்தனையோ சார்ஜென்ட்களைப் பார்த்தவர். நானும் நினைவுபடுத்தவில்லை. வரலாமா என்று ஆள் அனுப்பிக் கேட்டதற்கு, முத்லக்கிடமிருந்து 'வரட்டும்' என்று மட்டும் பதில் வந்தது.

வெள்ளிக்கிழமை பிற்பகல், அஸர் தொழுகைக்குப் பின் முப்பது பேர் போனோம். முத்லக் தாடி நரைத்து வாசலில் நின்றான். என்னைப் பார்த்தான், பாஷாவைப் பார்த்தான்.

"வாங்க பாஷா. இங்க வெள்ளம் ஒண்ணும் இல்ல, தைரியமா உக்காருங்க" என்றான்.

பாஷாவின் முகம் வெளுத்துவிட்டது. அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. முத்லக் தன் கையாலேயே காப்பி ஊற்றி முதல் கோப்பையை அவரிடம் நீட்டினான். அதை அவர் குடிக்காமல் கீழே வைக்க வேண்டும், வைத்துவிட்டுத்தான் கேட்க வேண்டும். கேட்டது கிடைத்த பிறகுதான் குடிப்பது; முன்பே குடித்துவிட்டால் கேட்பதற்கு ஒன்றுமில்லை என்று அர்த்தம். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பாஷா கோப்பையை வாங்கினார், என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார், மடமடவென்று குடித்துவிட்டார்.

என் மகன் போய்விட்டான் என்று நினைத்தேன். அந்த நொடி பாஷாவை வெறுத்தேன்.

"இந்த வீட்டுல எதையும் கேக்குறதுக்கு எனக்கு யோக்கியதை இல்ல" என்றார் அவர். "அன்னைக்குக் கடந்து போன்னு சொன்னது நான்தான். விசாரணையில பொய் சொன்னேன். இத்தனை பேருக்கு முன்னால சொல்றேன், ஞாயித்துக்கிழமை ஆபீஸ் திறந்ததும் எழுதியும் கொடுத்துடறேன்."

முத்லக் இன்னொரு கோப்பையில் ஊற்றி என்னிடம் கொண்டுவந்தான்.

"அப்போ நீ கேளு, அபு தாமிர்" என்றான், தாமிரின் அப்பா என்று மகன் பெயரைச் சேர்த்து.

நான் கோப்பையைத் தரையில் வைத்தேன். அந்த உத்தரவு என் காதில் விழுந்தது, நானும் பொய்தான் சொன்னேன், என் மகனை விட்டுவிடு என்று எப்படியோ சொல்லி முடித்தேன்.

"குடி" என்றான் முத்லக். "உன் மவன் வீட்டுக்கு வரட்டும், அவன்மேல எங்களுக்குக் கோபம் இல்ல. ஆனா பாஷா எதுவும் கேக்காம உண்மையைச் சொன்னாரு. நீ உன் மவனுக்காகச் சொன்ன. இனிமே இந்த வாசலை மிதிக்காத."

குடித்தேன். வேறு என்ன செய்வது?

பாஷா சொன்னபடியே எழுதிக் கொடுத்தார், பதவியையும் விட்டார். உடல்நலக் காரணம் என்று பத்திரிகையில் போட்டார்கள். காரும் கொடியும் போயின; இப்போது என் பழைய டொயோட்டாவில்தான் அவரை அழைத்துப் போகிறேன். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை முத்லக் வீட்டுக்குப் போவார். உள்ளே இரண்டு பேரும் பேசிச் சிரிப்பது வெளியே கேட்கும். தாமிர் வீட்டில் இருக்கிறான், அவனுக்குப் பெண்கூடப் பார்த்தாகிவிட்டது. நான் கண்ணாடியை ஏற்றிவிட்டு, பாஷா வரும்வரை வண்டியிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.