ஆயத்தச் சனிக்கிழமை

எங்கள் யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை. மதுரையில் ஆறு இருக்கிறது, தண்ணீர் இல்லை. வந்த முதல் வாரம் ஜட்கா வண்டிக்காரரிடம், "வைகை ஆறு எவ்விடம் அண்ணை?" என்று கேட்டேன். அவர் குதிரையை நிறுத்தாமலே, "அதுக்குள்ளதாம்மா போய்க்கிட்டு இருக்கோம்" என்றார். சுற்றிலும் மணல், அதன் மேல் காயும் சலவைத் துணிகள், நாலைந்து கழுதைகள். வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் "எனக்கு விளங்காதவை" என்று ஒரு பட்டியல் போட்டு, முதலில் வைகையை எழுதினேன். அடுத்து, மல்லிகைப்பூவை முழம் போட்டு விற்பது. அதற்கடுத்து, எதிர்ப்படும் எல்லோரும் "சாப்பிட்டீகளா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நில்லாமல் போய்விடுவது.

மிஷன் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் நான் தாதி. அங்கே கூட்டிப் பெருக்குபவள் கருப்பாயி. நாற்பது வயதிருக்கும். ஊருக்கு வடக்கே வயலோரத்தில் குடிசை. கணவர் பண்ணைக் கூலி. மழை பொய்த்த அந்த ஆண்டில் அவள் சம்பளத்தில்தான் வீட்டு அடுப்பு எரிந்தது. இது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு வியாழன் காலை, கத்தரிக்கோல், இடுக்கி எல்லாவற்றையும் கொதிக்கவைத்து, மூடிபோட்ட தட்டில் வைத்துவிட்டு, வலி கண்ட ஒரு பெண்ணைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்தபோது தட்டு காலி. கிணற்றடியில் கருப்பாயி அத்தனையையும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க நர்சம்மா! எம்புட்டு மங்கலா கெடந்துச்சு. குத்துவெளக்கு மாதிரி ஆக்கிப்புட்டேன் பாருங்க."

"என்ன வேலை செய்துபோட்டு நிக்கிறாய்? அறிவில்லாத சனம்!" என்று கத்தினேன். வார்டு முழுவதும் சன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தது. மறுபடி கொதிக்கவைத்து முடிப்பதற்கும் குழந்தை தலை காட்டுவதற்கும் சரியாக இருந்தது. தாயும் பிள்ளையும் சுகம். என் கோபம்தான் இறங்கவில்லை. வெளியூர் போயிருந்த டாக்டரம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். காரணங்களை எண்ணிட்டு, இவளை வேலையிலிருந்து நீக்கும்படி முடித்தேன். திங்கட்கிழமை அவர் வந்ததும் கொடுப்பதென்று பைபிளுக்குள் வைத்தேன். மறுநாளும் அதற்கடுத்த நாளும் கருப்பாயி வேலைக்கு வரவில்லை.

அந்த ஞாயிறு எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் திருவிருந்து, அப்பமும் திராட்சரசமும் பகிரும் ஆராதனை. அதற்கு முந்தின சனிக்கிழமை மாலையில் ஆயத்த ஆராதனை இருக்கும். எங்கள் ஊரிலும் அப்படித்தான். யாழ்ப்பாணத்துச் சண்டைகளில் பாதி வேலிச் சண்டை. எல்லை தாண்டி ஒரு கதியால், அதாவது வேலிக்கம்பு, நட்டார் என்று பக்கத்து வீட்டாரோடு ஒரு வருடம் பேசாதிருந்த எங்கள் ஐயா, என் அப்பா, ஒரு ஆயத்தச் சனிக்கிழமை சால்வையைப் போட்டுக்கொண்டு அங்கே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு கட்டு முருங்கைக்காய். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

இங்கே போதகர், "யாரோடாவது மனத்தாங்கல் இருந்தால் இன்றைக்கே சரிசெய்துவிட்டு நாளைக்கு வாருங்கள்" என்றார். முழங்காலிட்டேன். என் நியாயத்தை ஆண்டவருக்கு வரிசையாகச் சொல்லத் தொடங்கினேன். முதலாவது, சொன்னதைக் கேட்கவில்லை. அங்கேயே நின்றுவிட்டேன். நான் என்ன சொன்னேன்? கொதிக்கவைக்கச் சொல்லிக் கொடுத்தேன். கொதித்த பிறகு கை படக்கூடாது என்று ஒருநாளும் சொல்லவில்லை. ஏன் என்றும் சொல்லவில்லை. இரண்டாவது காரணத்துக்குப் போகவே முடியவில்லை. 'சனம்' என்று நான் சொன்ன சொல் மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டது. ஆண்டவருக்கு எந்தச் சனம் வேண்டாதது? "கர்த்தாவே, இதை என்னிடமிருந்து எடுத்துப்போடும்" என்று ஜெபித்தேன். மனத்தில் இறுகியிருந்த ஏதோ ஒன்று இளகிற்று. வெளியே வரும்போது என் நடை ஓட்டமாக இருந்தது.

குடிசை வாசலில் கருப்பாயி கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முகம் வெளுத்தது.

"வேலைய விட்டு நிப்பாட்டத்தான் வந்தீகளா?"

"இல்லை. பிழை என்னுடையது. நான் சொல்லித் தரேல்லை. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ, அக்கா."

அவள் கரண்டியோடு எழுந்துவிட்டாள். கட்டிலில் இருந்த கணவர், "ஏ, நர்சம்மா ஒன்னைய அக்காங்குது. நாளையிலருந்து நானும் மரியாதையாக் கூப்புடணும்போல" என்றார்.

"நீங்க ஒரு நாளு கூப்புட்டுட்டாலும்!" என்று கருப்பாயி அவரை அடக்கிவிட்டு, என்னிடம், "பிள்ள பொறக்குற எடம்மா. அழுக்கா இருக்கப்படாதேன்னுதான்..." என்று கண்ணைத் துடைத்தாள்.

கண்ணுக்குத் தெரியாத அழுக்கைப் பற்றி அவளுக்கு விளக்கினேன். பிறகு கையிலிருந்த பைபிளுக்குள்ளிருந்து கடிதத்தை எடுத்து, அது என்ன என்றும் மறைக்காமல் சொன்னேன். வாங்கிப் புரட்டிப் பார்த்தாள்.

"எம்மேல இம்புட்டு எழுதிருக்கீகளா!" அடுப்பில் செருகினாள். "எரியட்டும், கஞ்சியாவது கொதிக்கும்."

மூவரும் சிரித்தோம். கஞ்சி குடிக்காமல் என்னை விடவில்லை.

மறுநாள் காலை கோயிலில் திருவிருந்து வாங்க முன்வரிசைக்குப் போய் முழங்காலிட்டேன். வேலைக்கு வந்த கருப்பாயி வழியில் கோயில் சன்னலருகே நின்று யாரிடமோ சொல்வது நன்றாகக் கேட்டது: "அந்தா மண்டி போட்டிருக்குல்ல, அதுதான் எங்க நர்சம்மா. கோவம் வந்தா மட்டும் கடலுக்கு அங்கிட்டுப் பாசை வந்துரும்."

அப்பத்தைக் கையில் வாங்கியபோது எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன. அதே நேரத்தில் யாழ்ப்பாணத்தில் அம்மாவும் முழங்காலிட்டிருப்பார், பக்கத்தில் எனக்கென்று கொஞ்சம் இடம் விட்டு. அந்த ஞாயிறு நான் இரண்டு கோயில்களிலும் இருந்தேன்: அங்கே காலி இடமாக, இங்கே எங்க நர்சம்மாவாக.