நூற்று எழுபத்தாறு வோல்ட்

என் கணவரின் குரல் போய் ஒன்றரை வருடமாகியிருந்தது. முழுக்கப் போகவில்லை. தொண்டையில் இருந்த கட்டியை எடுத்து, உயிர் பிழைத்ததே பெரிய காரியம் என்று நேர்த்திக்கடன் எல்லாம் முடித்துவிட்டுப் பார்த்தால், மிச்சம் இருந்தது பாதிக் குரலுக்கும் குறைவு. பக்கத்தில் இருந்தால் கேட்கும். கிணற்றடியில் நின்று கூப்பிட்டால் குசினியில் சமைக்கிற எனக்குக் கேட்காது. முன்பெல்லாம் மிளகாய்ப் பாத்தியின் கடைசி வரிசைக்குத் தண்ணீர் போனதும் அங்கே நின்றே, "இஞ்சாரும், மோட்டரை நிப்பாட்டும்!" என்று ஒரு சத்தம் வைப்பார். நாலு வளவு தள்ளி இருக்கிறவர்களும் தங்கள் மோட்டரை நிப்பாட்ட ஓடுவார்கள். இப்போது மண்வெட்டிப் பிடியால் அலுமினிய வாளியில் தட்டுகிறார். அந்த டங் டங் கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சுக்குள் எரியும். காட்டிக்கொள்ள மாட்டேன். "என்ன, பூசை தொடங்கிட்டுதோ?" என்று பகிடி விட்டுக்கொண்டு போய் நிப்பாட்டுவேன்.

அவர் எங்கள் அம்மன் கோயிலில் பயன் சொல்லுகிறவர். ஆனி மாதத்தில் பத்து நாள், பின்னேரங்களில் புராணம் படிப்பார்கள். ஒருவர் பாட்டை இராகத்தோடு படிப்பார். மற்றவர் அதன் பொருளை எல்லோருக்கும் விளங்கும்படி விரித்துச் சொல்லுவார். அந்த விரிப்புக்குத்தான் பயன் என்று பெயர். இருபது வருடமாக அந்த இடம் இவருடையது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு வந்த ஆனியில் ஓய்வு என்று விட்டுவிட்டார்கள். இந்த வருடம் சித்திரை முடியும்போதே புத்தகத்தை எடுத்துவைத்துக் கொப்பியில் குறிப்பு எழுதத் தொடங்கிவிட்டார்.

அப்போதுதான் ஒரு நாள் கோயில் தலைவர் வந்தார். கதிரையின் நுனியில் இருந்தார். நுனியில் இருக்கிற ஆள் நல்ல கதையோடு வருவதில்லை.

"தங்கச்சி, குறை நினையாதேங்கோ. இந்தமுறை பயன் சொல்ல ரவுனிலயிருந்து ஒரு வாத்தியாரைக் கூப்பிடுவமெண்டு யோசிக்கிறம். இவற்ற குரல் ஆக்களுக்குக் கேக்காது பாருங்கோ."

என் கணவர், "ஓம், அதுதான் நல்லம்" என்றார். எழும்பிப்போய்ப் புத்தகத்தையும் கொப்பியையும் துணியில் சுற்றி அலுமாரியின் மேல்தட்டில் வைத்தார். பிறகு, ஒரு வேலையும் இல்லாத தோட்டத்துக்கு மண்வெட்டியோடு போனார்.

எனக்குக் கோபம் வந்தால் மூக்கு நுனி வியர்க்கும். அன்றைக்கு முழு முகமும் வியர்த்தது.

"அண்ணை, கேக்காதது அவற்ற தொண்டையாலை இல்லை. உங்கட அம்பிளிபயராலை! அதைப் போட்டவுடனை முதல்ல இரையிற சத்தம், பிறகுதான் அம்மாள். தொண்டை உள்ளவன் அதுக்கு மேலாலை கத்துறான். இவர் என்ன செய்யிறது?"

அது உண்மைதான். கோயில் அம்பிளிபயர், மைக் தொடாமல் கிடந்தாலும் 'ம்ம்ம்ம்' என்று இரைந்துகொண்டிருக்கும். ஊருக்கு அது பழகிப்போன சத்தம்.

"நான் ஒண்டு செய்து தாறன்" என்றேன். வாய் முந்திவிட்டது. "முதல் நாள் இவர் சொல்லட்டும். கடைசி வரிசையில இருக்கிற ஆளுக்குக் கேக்காட்டி, ரெண்டாம் நாள் ஆரையெண்டாலும் கூப்பிடுங்கோ. நான் வாய் திறக்கன்."

நான் வாய் திறக்க மாட்டேன் என்றதும் தலைவர் உடனே சம்மதித்துவிட்டார். அது அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்.

நான் கிளிநொச்சிச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு கடையில் ரிவியும் ரேடியோவும் திருத்துகிறவள். பயிற்சி நிலையத்தில் தையல் வகுப்பு நிரம்பிவிட்டது என்று என்னை இலத்திரனியல் வகுப்பில் தள்ளிவிட்டார்கள். அந்தத் தள்ளலில் விழுந்தவள் இன்னும் எழும்பவில்லை. ஆனால் திருத்துவது வேறு, வெறும் பலகையிலிருந்து ஒன்றைக் கட்டுவது வேறு. வவுனியாவில் படிக்கிற மகள் சனிக்கிழமை வந்தபோது விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. தன் பழைய லப்டொப்பில் ஒரு மென்பொருளை இறக்கித் தந்தாள். திரையில் சுற்றைக் கீறி, ஒவ்வொரு சாமானுக்கும் பெறுமானம் கொடுத்து ஓட விட்டால், உள்ளே வோல்ட் எப்படி ஏறி இறங்குகிறது என்று கோடாகக் காட்டும்.

"அம்மா, முதல்ல இதுக்குள்ள கட்டுங்கோ. எரியிறதெண்டாலும் இதுக்குள்ள எரியட்டும்."

"உது பொய் சொல்லாதோ?"

"நீங்கள் குடுக்கிறதைத்தான் அது திருப்பித் தரும். நீங்கள் பொய் சொன்னா அதுவும் சொல்லும்."

என்ன வாய் இவளுக்கு என்று நினைத்தேன். என் வாய்தான்.

அம்பிளிபயரின் உயிர் அதன் மின்வழங்கியில்தான் இருக்கிறது. சுவரிலிருந்து கரண்ட் அலையலையாக வரும். அதை ட்ரான்ஸ்போமரால் குறைத்து, டயோட்டால் ஒரு பக்கமாகத் திருப்பி, கப்பாசிற்றரில் தேக்கி, ரெகுலேற்றர் என்ற சின்னச் சாமானால் ஒரே மட்டமாக வெளியே விட வேண்டும். மட்டம் குலைந்தால் அந்த அலைதான் ஸ்பீக்கரில் இரைச்சலாக வந்து நிற்கும். குளத்துத் தண்ணீரை நம்பி வாழ்கிற எங்களுக்கு இது ஒரு புதினமே இல்லை. கப்பாசிற்றர் குளம், ரெகுலேற்றர் குளக்கட்டில் தண்ணீரை அளந்து திறந்துவிடுகிற துருசு. மழை எப்படிப் பெய்தாலும் வயலுக்குப் போகிற தண்ணீர் ஒரே அளவாகப் போக வேண்டும், அவ்வளவுதான்.

மூன்று கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கடையில் இருந்து கீறினேன். ஒரு கையில் சோற்றுப் பெட்டி, மறுகையில் மௌஸ். முதல் நாள் திரையில் ஒரு டயோட்டைத் தலைகீழாகப் போட்டு ஆயிரக்கணக்கான அம்பியர் ஓட விட்டேன். வீடு எரியவில்லை, கடை எரியவில்லை. எனக்கு அந்த மென்பொருளில் அன்றைக்கே ஆசை வந்துவிட்டது. கடைசியில் மைக் பகுதிக்கு இருபத்துநான்கு வோல்ட் கோடு, பாய் விரித்த மாதிரி மட்டமாக வந்தது. அதைப் பார்த்துத்தான் சாமான் வாங்கி, ஈயம் உருக்கி, ஒரு தகரப் பெட்டிக்குள் முழு அம்பிளிபயரையும் கட்டினேன். கடையில் போட்டுப் பார்த்தோம். ஸ்பீக்கரில் காதை வைத்தாலும் ஒரு மூச்சுச் சத்தம் இல்லை. நான் துள்ளினேன், ஐம்பது வயதில்.

புராணம் தொடங்க இரண்டு நாள் முன், பின்னேரம் ஐந்தரைக்குக் கோயிலில் வைத்து ஒத்திகை பார்த்தோம். சுவிட்சைப் போட்டேன்.

ம்ம்ம்ம்ம்.

அதே சத்தம். தலைவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். "தங்கச்சி, பழசிலும் பார்க்க இது கொஞ்சம் சுதியா இருக்கு" என்றார். நின்றவர்கள் சிரித்தார்கள். என் கணவர் மைக்கிடம் வந்து ஏதோ சொன்னார். இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை. கிட்டப் போனேன். "பரவாயில்லை, விடும்" என்றிருக்கிறார். அந்த ஒரு சொல்லுக்கு நான் அழாமல் வீட்டுக்கு வந்தது அம்மாள் செயல்.

அடுத்த நாள் கடைக்குப் போகவில்லை. மத்தியானம் வீட்டு மேசையில் வைத்துப் போட்டேன். சத்தமே இல்லை! "ஏய், ஆரைப் பேய்க்காட்டுறாய்?" என்று பெட்டியை உண்மையாகவே ஏசினேன். குளம் சின்னதாக்கும் என்று இன்னும் இரண்டு பெரிய கப்பாசிற்றரைச் சேர்த்தேன். லப்டொப்பைத் திறந்தால் கோடு முன்பைவிட மட்டம். "உனக்கு எல்லாம் மட்டம்தான்" என்று அதற்கும் கிடைத்தது. ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்த ஆள் நான்தான் என்று தெரிய இன்னும் மூன்று மணித்தியாலம் இருந்தது.

ஐந்து மணியானது. மிளகாய்க்குத் தண்ணீர் விட வேண்டும். பெட்டியை அப்படியே ஓட விட்டுவிட்டுப் போய் மோட்டர் சுவிட்சைத் தட்டினேன். குசினி பல்ப் மஞ்சளாகியது. எங்கள் குடியேற்றத் திட்டத்தில் பல்ப் மஞ்சளானால் மணி ஐந்து என்று அர்த்தம். வாய்க்காலின் இந்தப் பக்கத்தில் உள்ள அத்தனை மேட்டுக்காணியிலும் அந்த நேரத்துக்குத்தான் மோட்டர் போடுவார்கள். அதை ஒருவரும் பார்ப்பதில்லை. பொழுது சாய்கிறதை எவர் பார்க்கிறார்?

மேசையில் இருந்து ம்ம்ம்ம் என்று வந்தது.

நான் சுவிட்சில் கை வைத்தபடி நின்றேன். மோட்டரை நிப்பாட்டினேன். இரைச்சல் பாதியாகக் குறைந்தது. போட்டேன். கூடியது. ஐயோ, கள்ளி நான்தான்! ஊரோடு சேர்ந்து நானும் இழுத்துக் குறைக்கிற கரண்டில், நான் செய்த பெட்டி இரைகிறது. மீற்றரை எடுத்துச் சுவர்ச் செருகியில் வைத்தேன். நூற்று எழுபத்தாறு வோல்ட். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருநூற்று முப்பது என்று இருக்கிறது. திரையிலும் நான் இருநூற்று முப்பது என்றுதான் போட்டிருந்தேன். கிளிநொச்சி ரவுனில், கடையில் அளந்தாலும் அதற்குக் கிட்டத்தான் வரும். நான் கொடுத்த அந்தக் கணக்கைத்தான் லப்டொப் எனக்கே திருப்பிச் சொல்லியிருக்கிறது. வேலிக்கு ஓணான் சாட்சி.

லப்டொப்பில் இருநூற்று முப்பதை அழித்து நூற்று எழுபத்தாறைப் போட்டேன். பாய் மாதிரி இருந்த கோடு மரம் அரிகிற வாளின் பல்லாக எழும்பியது. என் வாழ்க்கையில் ஒரு பிழையைப் பார்த்து நான் இவ்வளவு சந்தோசப்பட்டதில்லை. "இஞ்சாருங்கோ, ஓடிவாங்கோ!" என்று கத்தினேன். பாம்பு என்று நினைத்து அவர் பொல்லோடு வந்தார்.

"குளத்தை எவ்வளவு பெருப்பிச்சாலும் தண்ணி துருசுக்குக் கீழ நிண்டா வயலுக்கு வருமோ?" என்று கேட்டேன்.

"வராது" என்றார், பொல்லைப் பிடித்தபடி.

"அப்ப என்ன செய்யவேணும்?"

"துருசைக் கீழ பதிச்சுக் கட்டவேணும். இதென்ன கேள்வி?"

அதுதான். இருபத்துநான்கு வோல்ட் ரெகுலேற்றரைத் தூக்கிவிட்டுத் திரையில் பதினெட்டைப் போட்டேன். பற்கள் மறைந்தன. சுவர்க் கரண்டை நூற்று எழுபது, நூற்று அறுபத்தைந்து, நூற்று அறுபது என்று இறக்கிப் பார்த்தேன். கோடு அசையவில்லை. மைக் பகுதிக்குப் பதினெட்டு தாராளம். நான்தான் பேராசைப்பட்டு இருபத்துநான்கு கேட்டிருந்தேன். மகளுக்குப் போன் எடுத்தேன். "நான் பொய் சொல்லிப்போட்டன் பிள்ளை" என்றேன். "எனக்குத் தெரியும்" என்றாள். அடி வாங்கப் போகிறாள் ஒரு நாள்.

முதல் நாள் காலை கடைக்குப் போய்ப் பதினெட்டு வோல்ட் சாமானைக் கொண்டுவந்து மாற்றினேன். வழியில் கண்ட தலைவரிடம் காரணத்தைச் சொன்னேன். மனுசன் யோசித்துவிட்டு, "அப்ப புராணம் முடியுமட்டும் ஒருத்தரும் மோட்டர் போடாதேங்கோ எண்டு அறிவிப்பமோ?" என்றார்.

"எதாலை அறிவிப்பியள்? அந்த இரையிற பெட்டியாலையோ? ஒருத்தரும் ஒண்டையும் நிப்பாட்டத் தேவையில்லை அண்ணை. எல்லாத்தையும் போடச் சொல்லுங்கோ!"

வீட்டிலிருந்து வெளிக்கிடும்போது வீறாப்பில் நானே முதலாவது ஆளாக எங்கள் மோட்டரைப் போட்டுவிட்டுப் போனேன்.

கோயிலில் ஐந்தரைக்கு மண்டப விளக்குகள் மஞ்சள் பூத்திருந்தன. வெளியே நாலு பக்கமும் மோட்டர் ஓடுகிற சத்தம். நான் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று சுவிட்சைப் போட்டேன். ஒன்றுமில்லை. வேலை செய்யவில்லையோ என்று ஒருவர் எட்டிப் பார்த்தார். படிக்கிறவர் செருமினார், அந்தச் செருமல் வேப்பமரத்து ஸ்பீக்கரில் அப்படியே கேட்டது. அவர் முதல் பாட்டைப் படித்து முடித்துத் திரும்பினார்.

என் கணவர் கொப்பியைத் திறக்கவில்லை. மைக்குக் கிட்ட வாயைக் கொண்டுபோய், குசினியில் என்னோடு கதைக்கிற அளவில்தான் தொடங்கினார். அவ்வளவுதான் அவரிடம் இருந்தது. அது மண்டபத்தைத் தாண்டி, வீதியைத் தாண்டி, வாய்க்கால் கட்டுவரை போனது. முன்பு அவர் முழங்குவார். இப்போது காதுக்குள் சொல்லுகிறார். கத்தினால் தப்பிப் போகிற நுணுக்கம் எல்லாம் அந்தச் சின்னக் குரலில் இருந்தது. கதைத்துக்கொண்டிருந்த பெண்கள் கதையை விட்டார்கள். நான் கடைசி வரிசைக்குப் போய் நின்று பார்த்தேன். அங்கே தலைவர் நின்றுகொண்டிருந்தார், கண்ணை மூடி, கைகட்டி. என்னைக் கண்டதும், "இஞ்ச நிண்டா இன்னும் நல்லாக் கேக்குது தங்கச்சி" என்றார். வாய் திறக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா? சொல்லைக் காப்பாற்றினேன். சிரிப்பைத்தான் காப்பாற்ற முடியவில்லை.

முடிவில் அவர் வாழ்த்துச் சொல்லி, புத்தகத்தைத் தொட்டுக் கும்பிட்டார். எழும்பப் போனவர், எதையோ நினைத்துக்கொண்டு மறுபடி குனிந்தார். மைக் உயிரோடுதான் இருந்தது என்று அவருக்குத் தெரியாமலில்லை. அந்த முகத்தை எனக்குத் தெரியும்.

"இஞ்சாரும்" என்றது வேப்பமரம். ஊர் முழுக்கக் கேட்டது. "மோட்டரை நிப்பாட்டினனீரோ?"

ஐயோ! மண்டபம் கொல்லென்று சிரித்தது. இந்நேரம் மிளகாய்ப் பாத்தி குளமாகி, பக்கத்து வளவுக் கச்சான் கடலைச் செடிக்கும் பாய்ந்திருக்கும்.

"இல்லை!" என்று கடைசி வரிசையிலிருந்து கத்தினேன். எனக்கு மைக் தேவையில்லை.

நாலு வளவு தள்ளி இருந்த ஒருவர் தன் மோட்டரை நிப்பாட்டினார்.