முப்பத்தொன்றுக்கு ஆற்று நண்டு

உங்கள் வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று ஊரே வாசலில் நின்று எட்டிப் பார்த்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? கதவைச் சாத்துவீர்கள். நானும் அதைத்தான் செய்திருப்பேன். என் அம்மா நண்டு சமைத்தார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. மாமா, அதாவது அம்மாவின் ஒரே தம்பி, வலை இழுக்கப் போன இடத்தில் காற்றடித்துத் தோணி கவிழ்ந்தது. மூன்றாம் நாள் கரைச் சேற்றில் கண்டல் மரங்களின் வேர்களுக்குள் கிடைத்தார். செத்த வீட்டில் பெட்டியைத் திறக்கவே இல்லை. ஏன் திறக்கவில்லை என்று கேட்டேன். பெரிய ஆட்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் காது அடைத்துவிட்டது.

அதோடு ஊரில் ஆற்று மீன் நின்றது. கடலோடு சேர்கிற எங்கள் வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். ஆள் விழுந்த ஆற்றில் பிடித்ததை யாரும் வாங்கமாட்டார்கள், அதிலும் அடியில் கிடப்பதைத் தின்கிற நண்டைத் திரும்பியும் பார்க்கமாட்டார்கள். மீன்காரர் கடல் மீன் என்று சத்தியம் பண்ணினாலும் பெண்கள் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள். தோணிகள் எல்லாம் கரையில் கிடந்தன. அப்பா வலையைச் சுருட்டி வைத்துவிட்டுக் கரடியனாற்றுப் பக்கம் வட்டைக்குள் வயல் கூலி வேலைக்குப் போனார். முதல் கிழமை ஊர் மாமாவுக்காக அழுதது. அடுத்த கிழமை மாமாமேல் கோபப்பட்டது. ஏதோ அவர் வேண்டுமென்றே போய்ச் செத்து, ஊர்ப் பிழைப்பைக் கெடுத்த மாதிரி.

இதை அவிழ்க்க ஒரு வழிதான் இருந்தது. முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்ததும் செத்த வீட்டில் மச்சம், அதாவது மீனோ இறைச்சியோ, சமைத்துப் பந்தி வைப்பது வழக்கம். கூடப் பிறந்தவளே ஆற்று நண்டைச் சாப்பிட்டுவிட்டால், பிறகு மற்றவர்கள் ஏன் யோசிக்க வேண்டும்? ஆனால் ஒருவரும் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சும்மா வந்தார்கள். தேங்காய் கொண்டுவந்தார்கள், மிளகாய்த்தூள் கொண்டுவந்தார்கள், அடுப்பைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

சடங்குக்கு முதல் நாள் பின்னேரம் மீனவர் சங்கத் தலைவர் வந்தார். எனக்குப் பெரியப்பா முறை. கையில் ஒரு கூடை. அதற்குள் உயிர் நண்டுகள் கரகரவென்று ஏறி விழுந்துகொண்டிருந்தன.

"கோழி காய்ச்சுவம் எண்டு இரிக்கன், அத்தான்" என்றார் அம்மா.

"கோழி எப்பயும் காய்ச்சலாம் புள்ள. ஊர்ப் புள்ளையளெல்லாம் பருப்பத்தான் திண்டுட்டுக் கிடக்கு. உண்ட தம்பி இருந்தா இப்பிடிப் பட்டினி கிடக்க உட்டிருப்பானா?"

செத்தவனையே சிபாரிசுக்குக் கூப்பிடுகிற ஆள். தலைவர் பதவி சும்மா கிடைக்காது பாருங்கள்.

அம்மா கூடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"இது ஆத்துல எந்தப் பக்கம் புடிச்சது?"

பெரியப்பா கூடையை வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினார்.

அடுத்த நாள் பந்தியில் எல்லோரும் கை கழுவிவிட்டு இலைக்கு முன்னால் இருந்தார்கள். ஒருவரும் சோற்றைத் தொடவில்லை. அம்மா மாமாவின் படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு நண்டுக் காலை உடைத்தார். சதையைச் சோற்றோடு பிசைந்து விழுங்கினார்.

"ம்ம், சாப்பிடுங்க" என்றார் பெரியப்பா. அவ்வளவுதான். பந்தி முழுக்க ஓடு உடைக்கிற சத்தம்.

முருங்கை இலை போட்ட கறி. பருப்போடு காய்ந்து கிடந்த எனக்கு அது கலியாண வீடு. திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கினேன். அம்மா தன் இலையில் இருந்த சினை நண்டையும் எடுத்து என் இலையில் வைத்தார். அம்மாவுக்கு இன்றைக்கு என்மேல் என்ன பாசம் என்று எனக்கு ஒரே பெருமை.

பிறகு அம்மா கிணற்றடிக்குப் போனார். வாளி விழுகிற சத்தம் நிற்கவே இல்லை. கை மணம் போகக் கழுவுகிறார் என்று நினைத்துப் பின்னாலேயே போனேன். நாளைக்கும் நண்டு காய்ச்சுவோமா என்று கேட்டேன். குனிந்து நின்றவர் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"ஓம் மகள்" என்றார்.

விடியத் தோணிகள் எல்லாம் இறங்கிவிட்டன. எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். திறக்காத பெட்டியையும் அந்தக் கூடையையும் சேர்த்துப் பார்க்க எனக்குக் கெம்பஸுக்குப் படிக்கப் போகிற வயது வரவேண்டியிருந்தது.

இப்போது லீவில் வீட்டில் நிற்கிறேன். குசினியில் அம்மா எனக்கும் அப்பாவுக்கும் நண்டு உடைக்கிறார். அம்மாவுக்குப் பருப்பு தனிச் சட்டியில் கொதிக்கிறது.