போட்டு பெயிண்ட் அடித்த கோவில்

எங்கள் ஊர்க் கோவில் சுவரில் சாய்ந்து நின்றால் சட்டை முதுகில் வெள்ளை ஒட்டும். சுண்ணாம்பு பாதி, உப்பு பாதி. கோவில் என்றால் மாதா கோவில். கடற்கரையில் நாங்கள் அப்படித்தான் சொல்வோம். கடலுக்குள்ளிருந்து வெட்டி எடுத்த கல்லையும் சிப்பி சுட்ட சுண்ணாம்பையும் வைத்து எந்தக் காலத்திலோ கட்டியது. போர்த்துக்கீசியர் காலம் என்பார்கள் சிலர், அதற்கும் பிந்தியது என்பார்கள் சிலர். ஜன்னல் திட்டில் ஒரு ஆள் நீட்டிப் படுக்கலாம், அவ்வளவு கனமான சுவர். உச்சி வெயிலில் உள்ளே போனால் தண்ணீருக்குள் இறங்கின மாதிரி இருக்கும்.

ஒரே குறை, சுவரில் உப்புப் பூக்கும். திருவிழாவுக்குத் திருவிழா வெள்ளையடிப்போம். மழை முடிந்ததும் இடுப்பு உயரத்துக்குப் பூத்து மாவாக உதிரும். பெருக்கி அள்ளுவோம். மறுபடி பூக்கும்.

இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்று ஊர்க் கூட்டத்தில் பேச்சு வந்தது. என் மனைவியின் அண்ணன், விசைப்படகு (எங்கள் பேச்சில் போட்டு) வைத்திருப்பவர், எழுந்து சொன்னார்:

"போட்டு வருசம் பூரா உப்புத் தண்ணியிலதான் கெடக்கு. அதுக்குள்ள உப்பு ஏறுதா? ஏறலல்லா? அந்தப் பெயிண்ட்டையே கோவில் சொவத்துக்கும் அடிப்போம். அதோட சோலி முடிஞ்சுது."

கூட்டமே கைதட்டியது. கடலில் பிழைக்கிறவனுக்கு இதைவிட நல்ல யோசனை எங்கிருந்து வரும்? எனக்கு மட்டும் அது சரியாகப் படவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஐஸ் மில்லுக்குப் போனவன் நான். கட்டடத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? "பழைய சொவரு... எதுக்கும் யார்ட்டயாவது கேட்டுக்கிட்டு..." என்று இழுத்தேன்.

"மாப்ள, ஒமக்கு மழை பெஞ்சாலும் பயம், பெய்யாட்டாலும் பயம். சும்மா உக்காரும்" என்றார் மச்சான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன். அவர் சொன்னதும் பொய்யில்லையே.

போட்டுக்கு அடிக்கிற அதே நீலத்தை மேலிருந்து கீழ்வரை அடித்தார்கள். அந்தத் திருவிழாவில் கோவில் பளபளவென்று இருந்தது. வந்தவர்கள் எல்லாம் சுவரைத் தடவிவிட்டு உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்கள். உப்பு இல்லை. மச்சான் வாசலிலேயே நின்று ஒவ்வொருவரையும் தடவச் சொன்னார்.

அடுத்த மழையில் சுவர் பப்படம் மாதிரி அங்கங்கே உப்ப ஆரம்பித்தது. தட்டினால் உள்ளே காலிக் குடம் மாதிரிக் கேட்டது. ஒருநாள் காலைப் பூசை முடிந்து எல்லோரும் வெளியே போன பிறகு, பெண்கள் பக்கத்துப் பெஞ்சில் முறத்தளவுக்குச் சுவர்ப் பூச்சு, சுண்ணாம்புக் காரை, பெயர்ந்து விழுந்தது. ஆளுக்கு ஒன்றுமில்லை. பங்குச் சாமியார் கோவிலைப் பூட்டிவிட்டார். பூசை பள்ளிக்கூடத்துத் தகரக் கொட்டகைக்கு மாறியது.

எங்கள் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம் அது.

என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்து, ஆபரேஷன் முடிந்து கட்டிலில் கிடந்தாள். நாற்காலியில் தூக்கி வைத்தால் கொஞ்ச நேரம் இருப்பாள். காரில் ஏற்றினால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அலறிவிடுவாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் நானே செத்துப் பிழைத்தேன். கோவில் எங்கள் அடுத்த தெருதான். "நாலு பேரு நாற்காலியோட தூக்குனா போதும், எம்மவ தாலி கட்டுறத பாத்துருவேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை வீடு தூத்துக்குடி டவுன். கோவில் பூட்டின செய்தி போனதும் மாப்பிள்ளையின் அம்மா போன் செய்தார்.

"தகரக் கொட்டகையில வச்சு எப்படிண்ணே கல்யாணம் நடத்த? எங்க கோவில்லயே வச்சுருவோம். நல்லா விசாலமா இருக்கும்."

மனைவியிடம் சொன்னேன். "அங்கனயே நடக்கட்டும். நான் வீடியோவுல பாத்துக்கிடுதேன்" என்றாள். மகள் அடுப்படியிலிருந்தே சத்தம் போட்டாள்: "அம்மா இல்லாம எவளும் தாலிக்குக் கழுத்த நீட்ட மாட்டா. சொல்லிருங்க." இரண்டு பேருக்கும் நடுவில் நான். கல்யாணம் நின்றுவிடுமோ, நிற்காமல் நடந்து இவள் மனசு ஒடிந்துவிடுமோ என்று மாற்றி மாற்றிப் பயந்துகொண்டிருந்தேன்.

சாமியார் சொல்லி, பழைய கட்டடங்களைச் செப்பம் செய்கிற இன்ஜினியர் பெண் ஒருத்தி வந்தாள். காயல்பட்டினத்துப் பழைய பள்ளிவாசல் ஒன்றில் வேலை செய்தவளாம். சுவரைச் சுரண்டிப் பார்த்தாள், மேலே ஏறிக் கூரை மரத்தைத் தட்டிப் பார்த்தாள். பிறகு எங்களைச் சுற்றி நிற்க வைத்துச் சொன்னாள். இந்தச் சுவர் தரையிலிருந்து தண்ணீரை உறிஞ்சும். சுண்ணாம்பு வழியாக அதை வெளியே விடும். அப்படி வருகிற ஈரம் காய்ந்துதான் உப்புப் பூக்கிறது. அது நோயில்லை, சுவரின் குணம். பெயிண்ட் அடித்ததும் ஈரத்துக்கு வெளியே வர வழியில்லாமல் போய்விட்டது. உப்பு உள்ளேயே விளைந்து காரையைத் தள்ளிவிட்டது.

"வெளிய இருக்குற தண்ணி உள்ள வராம இருக்கத்தான் அந்த பெயிண்ட். இங்க தண்ணியே உள்ளதான இருக்கு" என்றாள்.

மச்சான் தலையைச் சொறிந்தார். "அப்போ கோவிலக் கடல்ல எறக்குததுக்குத் தோதாப் பண்ணி வச்சுட்டோம்னு சொல்லுங்க மேடம்."

அந்தப் பெண்ணே சிரித்துவிட்டாள். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் ஒன்றே ஒன்று கேட்டேன்: கல்யாணம் நடத்தலாமா? கல்லும் கூரையும் நன்றாக இருக்கின்றன, பெயிண்ட்டை உரித்து ஆடுகிற காரையை எல்லாம் இறக்கிவிட்டால் தாராளமாக நடத்தலாம், ஆனால் ஒரு மழை வெயில் போகும்வரை சுவரை அப்படியே விட வேண்டும், வெள்ளைகூட அடிக்கக் கூடாது என்றாள்.

போட்டின் அடியில் ஒட்டின சிப்பியைச் சுரண்டுகிற தகட்டை எடுத்துக்கொண்டு ஆண்கள் எல்லோரும் கோவிலுக்குள் இறங்கினார்கள். இவ்வளவு ஓங்கிச் சுரண்டினால் கல்லே பெயர்ந்துவிடாதா என்று கேட்டு நான் மறுபடியும் திட்டு வாங்கினேன். நீலம் போக, காரை இறங்கின இடமெல்லாம் சாம்பலும் மஞ்சளுமாகக் கல் தெரிந்தது. கல்லுக்குள் சின்னச் சின்னச் சங்கு.

கல்யாணத்தை இங்கேயே வைக்கலாம் என்று சொல்லியனுப்பியதும், கோவிலைப் பார்க்க மாப்பிள்ளையின் அம்மா வந்தார். உள்ளே போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியே வந்து, "என்னண்ணே இது, தோலுரிச்ச ஆடு மாதிரி நிக்கி? ஆல்பத்துல எப்படி இருக்கும்?" என்றார். வீட்டுக்கு வந்து காப்பி குடிக்கச் சொன்னேன்.

என் மனைவி விழுந்துவிட்டாள் என்று அவருக்குத் தெரியும். இந்த நிலை என்று தெரியாது. இவள் வந்தவரைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். பாதி எழுந்தவள், முகம் வெளுத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே நின்றுபோனாள். அவர் ஓடிப்போய்த் தாங்கிப் படுக்க வைத்தார். அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்து காப்பியைக் குடித்தார். போகும்போதுதான் பேசினார்.

"மைனி, கல்யாணம் இங்கனதான். போட்டோக்காரன்ட்ட சொவரு தெரியாம எடுக்கச் சொல்லுவோம். அவன் எதுக்கு இருக்கான்?"

கல்யாணத்தன்று மச்சானும் அவர் போட்டில் வேலை செய்பவர்களும் நாற்காலியைத் தூக்கினார்கள். "ஏளா, முன்னயவிடக் கனக்குறியே" என்று தங்கையைச் சீண்டிக்கொண்டே போனார். பீடத்துக்குப் பக்கத்தில், முன் வரிசையில் இறக்கி வைத்தார்கள்.

விருந்தெல்லாம் முடிந்து, பிள்ளைகளை வழியனுப்பிவிட்டு வந்து கட்டிலோரம் உட்கார்ந்தேன். "தாலி கட்டும்போது அவ அழுதாளா?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"நீங்க எங்க போனீங்க?"

"அங்கனதான் நின்னேன்."

"நின்னீங்க. அவ தலைக்கு மேல இருக்குற காரையத்தான பாத்துக்கிட்டு நின்னீங்க."

உண்மைதான். ஒரு இடத்தில் விரிசல் மாதிரி இருந்தது. அதிலிருந்து கண்ணை எடுக்கவே முடியவில்லை. இவள் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தாள். மாப்பிள்ளைக்குத் தாலி முடிச்சு விழவில்லையாம். நாத்தனார் வந்து போட்டாளாம். மகள் அழவில்லையாம், அம்மா எங்கே இருக்கிறாள் என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தாளாம்.

"பெறகு?" என்றேன்.