பார்க்காமல் போட்ட பத்து மார்க்

பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்து, பிள்ளைகள் வீட்டிலிருந்தே படித்துக்கொண்டிருந்த கொரோனா காலம். ஐப்பசி மாதம், வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் இது நடந்தது. நேரம் மதியம் மூன்று மணி. மதியம் மூன்று மணிக்குப் போய் யாராவது பயப்படுவார்களா என்று கேட்பீர்கள். நான் பயந்தேன். அதுவும் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கிற நான், பேய் பிசாசு என்று பேச்செடுக்கும் பிள்ளைகளை எழுப்பி நிற்க வைக்கிற நான்!

கதையை அந்த வருஷம் ஆடி மாதத்திலிருந்து சொல்ல வேண்டும். என் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் போன் கிடையாது. இருந்தாலும் அப்பா வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார். நானே முன்னின்று, கோயம்புத்தூரில் ஒரு கடையைக் கண்டுபிடித்து, பேர் தெரியாத கம்பெனியின் டேப்லெட்டுகளை மொத்தமாக வாங்கி வந்தேன். நம்ப முடியாத மலிவு. பெற்றோர்கள் என்னைக் கும்பிடாத குறை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

பலன் இல்லாமலும் போகவில்லை. வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண் இருந்தாள். டேப் கைக்கு வந்ததும் அவள் பேச ஆரம்பித்துவிட்டாள். சந்தேகமாகக் கேட்டு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவாள். ஒருமுறை எல்லோருக்கும் ஒரு வேலை கொடுத்தேன்: அம்மா சமையலறையில் செய்கிற ஒன்றைப் படம் பிடித்து, அதில் இருக்கிற அறிவியலைச் சொல்ல வேண்டும். நாற்பது வீடியோ வந்து குவிந்தது. நாலைந்தைப் பார்த்தேன். மீதிக்கு, பார்க்காமலேயே எல்லோருக்கும் பத்துக்குப் பத்து போட்டுவிட்டேன். பிள்ளைகளுக்கும் சந்தோஷம், எனக்கும் வேலை முடிந்தது.

ஐப்பசியில் அந்தப் பெண்ணின் அம்மா டெங்குக் காய்ச்சலில் போய்விட்டார். செய்தி எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. பன்னிரண்டாம் நாள் துக்கம் விசாரிக்கப் போனேன். அதற்கு முன் அந்த அம்மாவை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

இரண்டு நாளாக மழை. ஓட்டு வீட்டுக்குள் சிமெண்ட் தரை நசநசவென்று ஈரமாக இருந்தது. உள்ளே சுவரோரம் ஒரு ஸ்டூல். அதன் மேல் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. விளக்குக்குப் பக்கத்தில், போட்டோ இருக்க வேண்டிய இடத்தில், நான் வாங்கிக்கொடுத்த டேப் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. திரையில் அந்த அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். கீழே தரையில் ஜங்ஷன் பாக்ஸ். அதில் சார்ஜர் செருகியபடி இருந்தது.

பெண்ணின் அப்பா எண்ணெய் மில்லில் வேலை செய்கிறவர். எனக்கு நாற்காலி போட்டுவிட்டு, கேட்காமலே சொன்னார்.

"அவ போட்டோவே எடுத்துக்க மாட்டாளுங்க டீச்சர். புள்ள இதுல எடுத்ததுதான் எல்லாம். பிரேம் போடக் குடுத்திருக்குது, பதனாறாம் நாளைக்குத்தான் வருமுங்க. அதுவரைக்கும் வெளக்கு அணையக் கூடாதுல்லைங்க. அதுமாரி இதையும் அணைக்காம சார்ஜுலயே உட்டிருக்கறமுங்க."

பன்னிரண்டு நாளாகவா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் படம் மாறியது.

ஸ்டூலுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. சிரித்த முகம் நகர்ந்து, அந்த அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற படம் வந்தது. பிறகு அடுத்த படம். பிறகு மறுபடியும் முதல் படம். யாரோ விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பது போலவே இருந்தது.

"அவதானுங்க," என்றார் அவர், மிகச் சாதாரணமாக. "நாலு நாளா இப்படித்தான். தானாப் பாட்டுப் போடும். தானாப் பேசும். தொட்டுப் பாத்தா கைக்குச் சுருக்குங்குதுங்க. உசுரு இருக்கற மாரி. புள்ள தெனம் காலைல கன்னத்த வெச்சுட்டுத்தான் வேற வேல பாக்கறா."

இது ஏதோ மின்சாரக் கோளாறு என்று மூளையின் ஒரு மூலை முனகியது. ஆனால் அந்த இடத்தில், எரிகிற விளக்குக்கு முன்னால், மூளை பேச்சை யார் கேட்கிறார்கள்? கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி எழுந்து போய்விடலாமா என்றுதான் யோசித்தேன்.

அப்போதுதான் பெண் உள்ளே வந்தாள். தினமும் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் அம்மாவுக்கு மாலை போடுவாளாம். கூந்தலிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. பாவாடை விளிம்பு நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. கையில் தண்ணீரில் நனைத்தெடுத்த செவ்வந்தி மாலை. என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, வெறுங்காலோடு ஸ்டூலை நோக்கி நடந்தாள்.

அந்த நேரம் பார்த்து டேப்பில் ஒரு வீடியோ தானாக ஓடத் தொடங்கியது. அடுப்படி. அந்த அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நேராக என்னைப் பார்த்தார்.

"வாங்க டீச்சர், உக்காருங்க."

நான் உட்கார்ந்திருந்த நாற்காலி எனக்குக் கீழே நழுவுவது போல இருந்தது. கண்ணை மூடிக்கொள்ளக்கூட முடியவில்லை.

"இன்னைக்குப் பால் ஏன் பொங்குதுன்னு எங்க அம்மணி சொல்லுவா. அதுக்கு முன்னால எனக்கு ஒரு சந்தேகமுங்க டீச்சர். நீங்க குடுத்த இந்த டேப்ப சார்ஜுல போட்டுத் தொட்டா, கைக்குச் சுருக்குங்குதுங்க. ஈரக் கையா இருந்தா இன்னும் சாஸ்தி. அது ஏனுங்க? புள்ள எந்நேரமும் கையிலயே வெச்சிருக்கறா, பயமா இருக்குது. பாத்துட்டுப் பதில் சொல்லுங்க."

பெண்ணின் கை டேப்பை நெருங்கிக்கொண்டிருந்தது. ஈரக் கை.

"தொடாதே!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அவள் திடுக்கிட்டுப் பின்னால் துள்ளினாள். கையிலிருந்த மாலை நழுவி, அதன் ஈர நுனி சார்ஜர் மேல் விழுந்தது. படீரென்று ஒரு சத்தம், நீலமாய் ஒரு வெளிச்சம், கருகல் நாற்றம். வீட்டில் மின்சாரம் நின்றது. ஓடிக்கொண்டிருந்த டேப்பின் திரை கருத்துப்போனது. விளக்கு மட்டும் எரிந்தது.

அப்பா ஓடிப்போய் டேப்பை எடுக்கப் போனார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை எப்படிச் சொல்வது?

"என்னங்க டீச்சர் பண்ணிப்போட்டீங்க? அவ பேசிக்கிட்டு இருந்தாளே."

பெண் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஒரு எலக்ட்ரீஷியன் சார்ஜரைப் பிரித்துக் காட்டினார். பன்னிரண்டு நாள் ஓயாமல் செருகிக் கிடந்த சூட்டில், வீட்டுக் கரண்டையும் டேப்புக்குப் போகிற கரண்டையும் பிரித்து வைக்க வேண்டிய பகுதி கொஞ்சம் கொஞ்சமாக உருகிக் கருகிக் கிடந்தது. அதிலிருந்து கசிந்த மின்சாரம்தான் விரலில் சுருக்கென்று குத்தியிருக்கிறது. அதுதான் திரையையும் குழப்பி, யாரோ தொடுவதாக நினைக்க வைத்திருக்கிறது. "அந்தப் புள்ள ஈரக்கையோட இதப் புடிச்சிருந்தா, இன்னைக்கு நீங்க வேற காரியத்துக்கு வந்திருப்பீங்க டீச்சர்," என்றார்.

டேப் பிழைக்கவே இல்லை. இரண்டு கடைகளுக்கு எடுத்துப்போனேன். உள்ளே எல்லாம் எரிந்துவிட்டது என்று கையை விரித்தார்கள். அன்று மாலைதான் எனக்குச் சட்டென்று நினைவு வந்தது: அந்த வீடியோவை அவள் எனக்கு அனுப்பியிருந்தாளே! பதறிக்கொண்டு போனில் ஆடி மாதம் வரைக்கும் தள்ளித் தள்ளித் தேடினேன். இருந்தது. மங்கலான ஒரு சின்னச் சதுரம், அதன் மேல் ஒரு அம்புக்குறி. நான் ஒரு தடவைகூட அழுத்தாத அம்புக்குறி. அழுத்தினேன். அனுப்பியவரிடம் மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று திரையில் எழுத்து வந்தது. நாள் கடந்துவிட்டதாம். போனை வைத்துவிட்டு அழுதேன். அதற்குக் கீழே நான் போட்ட பத்துக்குப் பத்து பத்திரமாக இருந்தது.

அந்த வாரம் முழுக்க ஸ்கூட்டியில் வீடு வீடாகப் போய், நான் வாங்கிக்கொடுத்த சார்ஜர் ஒவ்வொன்றையும் பிடுங்கிக்கொண்டு, நல்லதாக வேறு வாங்கிக் கொடுத்தேன். இன்னும் மூன்று வீடுகளில் "ஆமாங்க டீச்சர், சுருக்குங்கும்" என்றார்கள். ஏன் சொல்லவில்லை என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. சொன்னவர் ஒருவர் இருந்தாரே.

பதினாறாம் நாள் மறுபடி போனேன். பிரேம் போட்ட போட்டோ வந்திருந்தது. ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். பெண் என் பக்கத்தில் வந்து, மெதுவாகக் கேட்டாள்.

"டீச்சர், அம்மா கேட்டதுக்கு நீங்க இன்னும் பதிலே சொல்லலீங்களே?"

அவள் கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். போட்டோவுக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். வகுப்பில் சொல்வது போலவே, சார்ஜருக்குள் என்ன இருக்கிறது, மின்சாரம் ஏன் கசிகிறது, ஈரக் கை ஏன் கூடாது என்று ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லி முடித்ததும் அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவளுக்குப் புரிஞ்சிருக்குமுங்க டீச்சர்," என்றார்.

அந்த டேப்பில் நூற்றுக்கணக்கான படங்கள் இருந்தன. குழம்பிப்போன திரைக்கு எல்லாம் ஒன்றுதான், எதுவும் திறந்திருக்கலாம் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஏன் அந்த ஒன்று, ஏன் அந்த நிமிஷம் என்பதற்கு என்னிடம் விடை இல்லை. இன்றைக்கும் ஏதாவது வீட்டில் "வாங்க டீச்சர், உக்காருங்க" என்று யாராவது சொன்னால் என் கை சிலிர்க்கிறது. அன்றிலிருந்து பிள்ளைகள் அனுப்புகிற எதையும் கடைசி நொடி வரை பார்க்காமல் நான் மார்க் போடுவதில்லை.