அம்மா இருக்கும் ஊருக்கு வழி

"உனக்கு ரெண்டு பாஷை தெரியுமாமே?" என்றுதான் நூல் டீச்சர் புது டீச்சரிடம் முதலில் கேட்டார்.

"தெரியும் டீச்சர்."

"அதுல எதுலயாவது வாயத் தொறந்து பேசுவியா?"

புது டீச்சருக்குச் சிரிப்பு வந்தது.

"சரி விடு, படிச்சாப் போதும். பஸ் நேரம், ரயில் நேரம் எல்லாம் இன்னொரு பாஷையிலதான் போடறாங்க. என் பிள்ளைங்க அதப் பாத்து முழிக்குதுங்க. மூணாவது பீரியடுக்கு வந்துடு."

"நான் எங்கயும் போனதில்லையே டீச்சர்."

"நான் மட்டும் உலகத்தச் சுத்திட்டேனா? படுத்த படுக்கையா கெடக்கற மனுஷன விட்டுட்டு எங்க போறது?"

நாலாம் வகுப்புக்குப் பயணத் திட்டம் போடக் கற்றுத்தருவதில் அவருக்கு அப்படி ஒரு பித்து. தையல் நூலை வரைபடத்துச் சாலையின் மேல் வளைவு நெளிவோடு படிய வைத்து, பிறகு இழுத்து நீட்டி, அளவுகோலில் தூரம் பார்ப்பார். பட்டப்பெயர் வந்தது அதனால்தான். எந்த ஊர், எந்த பஸ், எங்கே மாறுவது, போகிற இடம் திறந்திருக்குமா என எல்லாவற்றையும் பிள்ளைகளே விசாரிக்க வேண்டும். மிருகக்காட்சி சாலைக்குத் திட்டம் போட்ட பையன் அதன் விடுமுறை நாளைக் கவனிக்கவில்லை. "பூட்டின கேட்டுக்குள்ள கொரங்கு உன்ன வேடிக்கை பாக்கும், போடா" என்றார். வகுப்பே சிரித்து உருண்டது.

கடைசி பெஞ்சுச் சிறுமி, அம்மா வேலை பார்க்கும் துறைமுக நகரத்துக்குத் திட்டம் போட்டாள். சித்தி வீட்டில் வளர்கிறவள். புது டீச்சர் ரயில் அட்டவணையைப் படித்துச் சொல்ல, அவளே நூல் வைத்து அளந்தாள். இறங்கியபின் எந்தச் சந்தில் திரும்புவது என்பதுவரை இருந்தது. 'திறந்திருக்கும் நேரம்' என்ற கட்டம் மட்டும் காலி.

"இங்க என்ன எழுத டீச்சர்?"

"அம்மா வீட்டுக்கு ஏதுடி நேரமும் காலமும்? கோடு போட்டு விட்டுடு."

முழு மதிப்பெண் போட்டு, அந்தத் தாளைச் சுவரில் ஒட்டினார் நூல் டீச்சர்.

அடுத்த சனிக்கிழமை சிறுமி யாரிடமும் சொல்லாமல் தனியே கிளம்பிவிட்டாள். பஸ் கண்டக்டரிடம், மாமா பின் சீட்டில் இருக்கிறார் என்றாளாம். திட்டத்தில் இருந்தபடி ஒரு இடமும் பிசகாமல் போய்ச் சேர்ந்து கதவைத் தட்டியிருக்கிறாள். திறந்த அம்மாவின் இடுப்பில் ஒரு கைக்குழந்தை. உள்ளே இருந்து ஒரு ஆள், "யாரு?" என்றான்.

"தெரிஞ்சவங்க வீட்டுப் பொண்ணு" என்றாளாம் அம்மா. ரயில் நிலையம்வரை கூட்டிவந்து, ஊருக்குத் திரும்பும் யாரோ ஒரு குடும்பத்தோடு ஏற்றிவிட்டாள்.

திங்களன்று சித்தி பள்ளிக்கு வந்தாள். கத்துவாள் என்று ஆசிரியர் அறையே காத்திருந்தது. அவள் கத்தவில்லை.

"நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கீங்க டீச்சர். ஒரு தப்பாவது இருந்திருந்தா பாதி வழியில திரும்பி வந்திருப்பா. அவ அம்மா வேற கல்யாணம் பண்ணினத எவ்வளவு நாளா மூடி வச்சிருந்தேன் தெரியுமா?"

நூல் டீச்சர் எழுந்து நின்றார். மறுபடி உட்கார்ந்தார்.

சிறுமி வகுப்புக்கு வந்துகொண்டுதான் இருந்தாள். அழவில்லை. கேட்டால் பதில் சொன்னாள். வரைபடத்தை விரித்தால் மட்டும் மேஜைமேல் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வாள். நூல் டீச்சர் அவளைத் தட்டி எழுப்பியதில்லை. முன் பெஞ்சோடு திரும்பிவிடுவார். தலைமை ஆசிரியர் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று புது டீச்சருக்குத் தோன்றியது.

ஆண்டுத் தேர்வுக்குப் பின் ஒரு நாள் நூல் டீச்சர் புது டீச்சரின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அடுத்த வருஷம் அந்தப் பாடத்த நீ எடுத்துக்கோம்மா. நெஜ ஊரு எதையும் குடுக்காத. நீயே ஒரு தீவு வரஞ்சு, நீயே பேரு வச்சுக் குடு. அங்க யாரோட அம்மாவும் இருக்க வேண்டாம்."